செட்டியார் தெருவில் தோட்டாப் பேச்சு

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சானுக்குத் தோட்டா நிரப்புவது பொழுதுபோக்கு. சுட்ட பிறகு மிஞ்சும் கோதை, அதாவது தோட்டாவின் உலோகக் கூட்டை, எறியாமல், புதிய பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தானே மறுபடி தயாரிப்பான். இங்கே இலங்கையில் துப்பாக்கி வைத்திருக்கவே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே வெள்ளவத்தை வீட்டில் எங்களுக்குக் கிடைத்தது பேச்சு மட்டுமே. அது தாராளமாகவே கிடைத்தது.

தாலிக்கொடி ஒன்றைத் திருத்தச் செட்டியார் தெருவுக்குப் போனபோதும் ஓயவில்லை. அவனிடம் இருப்பது பழைய 303 லீ-என்ஃபீல்ட் துப்பாக்கி. கோதுகளின் கழுத்து, அதாவது குண்டைப் பிடிக்கும் ஒடுங்கிய வாய்ப்பகுதி, வெடித்துப்போவதைக் கைபேசிப் படத்தில் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நகை வேலை செய்யும் பத்தர் எட்டிப் பார்த்தார்.

“என்ன உலோகம் தம்பி?”

“பித்தளை ஐயா. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது விரியும், பிறகு அச்சில் விட்டு நெரிப்போம்.”

“விரித்து விரித்து நெரித்தால் இறுகத்தானே செய்யும்? காய்ச்சி இளக்க வேண்டும்.”

மச்சானுக்கு இது தெரியாத விடயமில்லை. படத்தைப் பார்த்தே ஒருவர் சொன்னதுதான் அவனை அசத்தியது. ஆனால் முழுக்கோதையும் காய்ச்சக் கூடாது என்றான். அழுத்தத்தைத் தாங்குவது அடிப்பகுதி. அது இளகினால் வாயு பின்னால் பீறிட்டுச் சுடுபவரின் முகத்துக்கே வரும். “அப்படியென்றால் அடியைத் தண்ணீரில் நிறுத்திக் கழுத்தை மட்டும் காய்ச்சுங்கள்” என்றார் பத்தர். அங்கேயும் பலர் அப்படித்தான் செய்கிறார்களாம்!

மருந்தைப் பற்றி நான் கேட்டேன். எரியும் வேகம்தான் முக்கியம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மருந்துகள் வேறு வேறு வேகத்தில் எரியும். தயாரிப்பாளரின் அட்டவணையைத் தாண்டாமல், குறைந்த அளவில் தொடங்க வேண்டும். என் கணிப்பில், அட்டவணை பார்க்கத் தெரிந்தவனுக்கு மருந்து பிடிபடும். பித்தளைக்குத்தான் கைப்பழக்கம் வேண்டும்.

303 தோட்டா 1888இல் கருமருந்தோடு வந்தது. பின்னர் கோர்டைட் என்ற புகையற்ற மருந்தின் நீள இழைகள். “இந்தச் சின்னக் கழுத்துக்குள் எப்படி நுழைத்தார்கள்?” என்று பத்தர் கேட்டார். இழைகளை வைத்த பிறகுதான் கழுத்தை நெரிப்பார்களாம். அதைக் கேட்டு வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

இராணுவ லீ-என்ஃபீல்டில் தோட்டா அமரும் அறை சற்றுத் தாராளமானது. கோது அங்கே நீண்டு, அடிக்குச் சற்று மேலே மெலிந்துவிடும். அதனால் கழுத்தை மட்டுமே நெரிப்பது நல்லது. அந்த இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தால் இளக்கியும் பயனில்லை, எறிந்துவிட வேண்டும் என்றான் மச்சான். பத்தர் அதை மட்டும் ஒப்பவில்லை. “உலோகத்தை யாராவது எறிவார்களா? உருக்கலாமே!”