புதுப்பிப்பு: வரி வரியா வர்ற டேட்டாவ பைத்தான்ல எப்படி வைக்கிறது, வழி கிடைச்சிடுச்சு

பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சென்சார் ரீடிங் ஒவ்வொரு ரோவா வருது, டிக்ஷனரி லிஸ்ட்டா வைக்கவா, ஒவ்வொரு காலமுக்கும் (column) தனி லிஸ்ட் போடவா, இல்ல நேரா பாண்டாஸ் லைப்ரரியோட டேட்டாஃப்ரேமா (ரோ, காலம் இருக்குற டேபிள்) வைக்கவான்னு கேட்டிருந்தேன்.

வேலை செஞ்சது "லிஸ்ட்ல சேருங்க, கடைசில ஒரே தடவ டேட்டாஃப்ரேமா மாத்துங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான். லூப்புக்குள்ள கான்கேட் (concat, டேபிள்கள ஒண்ணா ஒட்டுற ஃபங்ஷன்) போட்டா ஒவ்வொரு ரோவுக்கும் அதுவரைக்கும் சேந்த மொத்த டேபிளையும் புதுசா காப்பி எடுக்குது, அதனாலதான் போகப் போக இழுத்துச்சு, லிஸ்ட்ல அந்தப் பிரச்சினையே இல்ல. பழைய பதில்கள்ல ரோ சேக்க டேட்டாஃப்ரேமோட அப்பெண்ட் (append) யூஸ் பண்ணச் சொல்லிருப்பாங்க, பாண்டாஸ் 2.0ல அத எடுத்துட்டாங்க, தேடி வர்றவங்க அதுல மாட்டாதீங்க. தனித்தனி லிஸ்ட் யோசனைய விட்டுட்டேன், ஒரு லிஸ்ட்ல ஒண்ணு விட்டுப்போனாலும் எந்த வேல்யூ எந்த ரோன்னே தெரியாம போயிடும்.

எதிர்பாக்காத விஷயம் ஒண்ணு. கவுன்ட் காலம்ல சில ரீடிங் காலியா இருந்துச்சு, டேட்டாஃப்ரேமா மாத்தினதும் 12 எல்லாம் 12.0 ஆயிடுச்சு. காலி இடத்துக்கு பாண்டாஸ் NaN (வேல்யூ இல்லங்கிற குறி) வைக்குறப்போ முழு காலமும் ஃப்ளோட்டா (தசம எண்ணா) மாறிடுது. காலமோட டைப்ப மாத்துற ஆஸ்டைப்ல (astype) "Int64" குடுத்தேன், முதல் எழுத்து கேப்பிடல் I-யா இருக்கணும், சின்ன i போட்டா எரர்தான் வரும். அப்புறம் சிஎஸ்வில சேவ் பண்ணி திரும்பப் படிச்சா 007ங்கிற கோடு வெறும் 7 ஆயிடும், படிக்கிறப்பவே அந்த காலமுக்கு டிடைப் (dtype, டேட்டா வகை) ஸ்ட்ரிங்னு சொல்லிடுங்க.