மூடிய நிலக்கரிச் சுரங்கத்தில் கைக்கடிகாரத்துக்கு ஏன் தடை?

கரித்துகள்:
வேல்ஸில் பிளேனாவன் ஊரிலுள்ள பிக் பிட் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு, 1983இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. கூண்டில் 90 மீட்டர் இறங்குவதற்கு முன் கைக்கடிகாரம், செல்போன், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கரி வெட்டுவதே நின்றுபோன இடத்தில் இது தேவையா, சும்மா பந்தாவா? இப்படிப்பட்ட இடங்களில் கூரையைத் தாங்கும் பழைய மர முட்டுகளை அப்படியே விட்டுவைக்கலாமா?

நீலச்சுடர்:
பந்தா இல்லை. வெட்டு நின்றாலும் வாயு நிற்காது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் அது வெடிக்க பேட்டரியின் ஒரு பொறி போதும். கரி எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பி அடைத்த பகுதிகளில் மீத்தேன் தேங்கிக் கிடக்கும். வெளியே காற்றழுத்தம் மளமளவென்று இறங்கும் நாளில் அடைப்புச் சுவரின் இடுக்குகளில் கசியும். ஆகவே சுவர் எழுப்பும்போதே வால்வு வைத்த குழாய் ஒன்றைப் பதித்துவிட வேண்டும், உள்காற்றை எடுத்துச் சோதிக்க. மீத்தேன் இலேசானது. வாயு அளக்கும் மானியை நெஞ்சு உயரத்தில் பிடித்துவிட்டு 'வாயு இல்லை' என்று எழுதுவதுதான் பெரிய தப்பு. கூரையை ஒட்டிப் பிடியுங்கள்.

அடிக்கல்:
தரையையும் விடாதீர்கள். கரியமிலவாயு மிகுந்த கெட்ட காற்று பள்ளங்களில் படுத்துக் கிடக்கும். ஆபத்தில் மூச்சுவிட பார்வையாளர் இடுப்பில் மாட்டும் டப்பா, காற்றை வடிகட்டும் வகையாக இருந்தால் அங்கே பயனில்லை. அது கார்பன் மோனாக்சைடைத்தான் மாற்றும், பிராணவாயு தராது.

மர முட்டு இருக்கட்டும், ஆனால் காட்சிக்கு மட்டும். பாரத்தை இரும்பு வளைவுகள் தாங்கட்டும். வெளியே திடமாகத் தெரியும் முட்டு உள்ளே உளுத்திருக்கும். சுத்தியலால் தட்டினால் 'தொப்'பென்று கேட்கும். வளைவுக்கும் பாறைக்கும் நடுவே இடைவெளி விடாமல் கட்டையும் கல்லும் திணிக்க வேண்டும். விட்டால், பாறை பாரமாக அமராமல் அடியாக விழும், வளைவு நெளிந்துவிடும். வளைவின் கால் துருப்பிடிப்பதும் அடிக்கடி நடப்பது. கரியோடு உள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) காற்றும் நீரும் பட்டு அமிலமாகிறது, வடிகால் அடைத்தால் கால்கள் அதிலேயே ஊறும்.

கரித்துகள்:
இறங்க ஒரு குழி இருந்தால் போதுமா?

நீலச்சுடர்:
போதாது. 1862 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் நீரேற்று எந்திரத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் உடைந்து, இருந்த ஒரே குழியை அடைத்தது. 204 பேர் செத்தார்கள். அந்த ஆண்டே இரண்டு வழி கட்டாயம் என்று சட்டம் வந்தது. இரண்டாம் வழியில் மாதம் ஒரு முறையாவது ஆட்களை நடத்திப் பாருங்கள். பூட்டின் சாவி எங்கே என்பது அப்போதுதான் தெரியும்.