வீட்டை ஒட்டிய லேத் பட்டறை: எந்த விதி பொருந்தும்?

கேள்வி: கோவையில் எங்கள் சுவரை ஒட்டிய மனையில் லேத் பட்டறை தொடங்கி ஆறு மாதமாகிறது. இரவு பதினொரு மணிக்கும் இரும்பு அறுக்கும் ஓசை ஓய்வதில்லை. காலையில் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணிகளில் கரும்பொடி படிந்திருக்கிறது. யாரிடம் முறையிடுவது?

பதில் 1: அந்த மனை எந்த நில உபயோக மண்டலத்தில் (குடியிருப்பு, தொழில் என நிலப் பயன்பாட்டுக்கு வகுத்த பகுதி) வருகிறது என்பதை முதலில் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டறியுங்கள். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதிக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபலும் (ஒலி அளவின் அலகு), அதன்பின் 45 டெசிபலுமே வரம்பு. தொழிற்பகுதிக்கோ முறையே 75, 70. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் அளிக்க அவ்விதிகளே வழி செய்கின்றன.

கேட்டவர்: கலப்புக் குடியிருப்பு மண்டலம் என்கிறார்கள். அப்படியானால் அனுமதி உண்டா?

பதில் 2: அம்மண்டலத்தில் சிறு தொழில்களுக்கு நிபந்தனைகளோடு இடமுண்டு, ஆனால், மண்டலம் ஏற்கிறது என்பதற்காக ஒலி வரம்பு தளர்ந்துவிடாது. உள்ளாட்சி உரிமம் பெற்றிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதும் மனுவில், ஓசை எழுந்த தேதி, நேரம் ஆகியவற்றோடு துணியில் படிந்த பொடியின் படத்தையும் இணையுங்கள். கைப்பேசிச் செயலி காட்டும் டெசிபலை மட்டும் நம்பிப் பயனில்லை. இரவில் வந்து அளக்குமாறு குறிப்பிட்டே கேளுங்கள், பகலில் அளந்தால் உங்கள் குறை பதிவாகாது.