மறு: ‘புதுப்பிப்பு வீதம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு எண்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் தாமதமாக நுழைகிறேன். காரணம் என் அக்காள் மகன். 24 அங்குலத் திரையை விற்றுவிட்டு 27 அங்குலத்தில் 165 ஹெர்ட்ஸ் திரை வாங்கினான். மறுநாளே தொலைபேசியில் அழைத்து, “மாமா, ரேட் குறைந்துவிட்டது. விளையாடும்போது 90 இருந்தது, இப்போது 30தான் வருகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?” என்றான். எந்த ரேட் என்று கேட்டேன். “எல்லாம் ஒன்றுதானே?” என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கணினி விநாடிக்கு எத்தனை படங்களை வரைகிறது (ஆங்கிலத்தில் ‘பிரேம் ரேட்’) என்பது ஒன்று, திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைக் காட்டுகிறது (‘ரெஃப்ரெஷ் ரேட்’, ஹெர்ட்ஸ் கணக்கு) என்பது வேறு. நம் மொழிபெயர்ப்புக் கோப்பிலும் இரண்டுக்கும் ‘புதுப்பிப்பு வீதம்’ என்றுதான் எழுதி வைத்திருக்கிறோம்.

> ஆங்கிலத்திலேயே பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழில் பிரித்து என்ன ஆகப்போகிறது?

அந்த 30 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பழைய திரையில் 1920×1080, அதாவது 20,73,600 படப்புள்ளிகள். புதியதில் 2560×1440, அதாவது 36,86,400. கணினிக்குள் படங்களை வரைந்து தரும் வரைகலை அட்டை அதே பழைய அட்டை. ஒவ்வொரு படத்துக்கும் ஏறத்தாழ 1.8 மடங்கு வேலை கூடியதால் 90 என்பது 50க்கு இறங்கியது. இது அட்டையின் கணக்கு.

அடுத்தது திரையின் கணக்கு. 165 ஹெர்ட்ஸ் திரையை வாங்கி மாட்டினானே தவிர, விண்டோஸின் மேம்பட்ட காட்சி அமைப்பில் அது 60 என்றே கிடந்தது. போதாததற்கு யாரோ சொன்னார்கள் என்று விளையாட்டில் செங்குத்து ஒத்திசைவையும் (‘வி-சிங்க்’, திரை கேட்கும் நேரத்தில் மட்டுமே படத்தை மாற்றும் ஏற்பாடு) இயக்கியிருந்தான். 60 ஹெர்ட்ஸில் திரை 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறை புதிய படத்தைக் கேட்கிறது. அட்டைக்கோ 20 மில்லிவிநாடி வேண்டியிருக்கிறது. ஒரு முறை தவறினால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே 33.3 மில்லிவிநாடிக்கு ஒரு படம், விநாடிக்கு 30. திரையை 165க்கு மாற்றி, ஒத்திசைவை நிறுத்தி, நிழல்களின் தரத்தைக் குறைத்ததும் எண் 70ஐத் தொட்டது. முந்தைய 90ஐ நினைத்து இன்னும் ஏங்குகிறான். அந்தப் பழைய திரை 60 ஹெர்ட்ஸ்தான், 90 படங்களும் முழுதாக அவன் கண்ணுக்கு வந்ததே இல்லை என்று சொன்னால் நம்ப மறுக்கிறான்.

இரண்டு எண்களுக்கும் இரண்டு பெயர்கள் இருந்திருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும்.

> ‘பிரேம் ரேட்’ என்பதற்குச் ‘சட்டக வீதம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது, எனக்குத்தான் ஒட்டவில்லை. சட்டகம் என்றால் கதவுக்கும் புகைப்படத்துக்கும் சுற்றிலும் அடிக்கிற மரம். பிலிம் சுருளில் ‘பிரேம்’ என்று எண்ணுவது விளிம்பையல்ல, உள்ளே இருக்கும் படத்தை. ‘புதுப்பிப்பு’ என்ற சொல்லையோ மென்பொருளின் புதிய பதிப்புக்குக் கொடுத்தாகிவிட்டது. திரை அதே படத்தை மறுபடி காட்டினாலும் ஆங்கிலத்தில் அதற்கு ‘ரெஃப்ரெஷ்’ என்றுதான் பெயர். அதில் புதுமை எங்கே இருக்கிறது?

> வரைவீதம், காட்டுவீதம் என்று வைக்கலாமா? அட்டை வரைகிறது, திரை காட்டுகிறது.

யார் செய்கிறார்கள் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற இந்த எண்ணம் மிகச் சரி. ஆனால் ‘காட்டுவீதம்’ என்றதும் எனக்குக் காட்டுப்பன்றிதான் நினைவுக்கு வருகிறது, மன்னியுங்கள். ‘திரைவீதம்’ என்போம். வரைவீதம், திரைவீதம் என்று எதுகையோடு அமைந்ததில் நேற்று இரவு எனக்கு ஏக மகிழ்ச்சி. காலையில் திரைப்படக் கருவியை நினைத்ததும் அது போய்விட்டது. படச்சுருளில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இரண்டு இதழ்கள் கொண்ட சுழலும் மூடி (ஷட்டர்) ஒவ்வொரு படத்தையும் இருமுறை ஒளிரவிடுவதால் திரையில் 48 ஒளிர்வுகள். நம் இரண்டு எண்களும் அங்கே அப்போதே தனித்தனியாக இருந்திருக்கின்றன. ஆனால் அங்கே யாரும் எதையும் வரையவில்லை. எதுகைக்காகப் பொருளை விட முடியாது. ஆகவே 24 என்பது படவீதம், 48 என்பது திரைவீதம்.

> ‘ஃப்ரீக்வென்சி’ என்பதற்கு இலங்கையில் ‘மீடிறன்’, தமிழ்நாட்டில் ‘அதிர்வெண்’. இரண்டில் ஒன்றை எடுக்கலாமே?

எதை எடுத்தாலும் ஒரு கரை முகம் சுளிக்கும். ‘வீதம்’ இரு பக்கமும் புரியும்.

இன்னொரு வசதி. ‘திரைவீதம்’ நிலைத்தால் மற்றவை தாமாக வருகின்றன. அட்டையின் வேகத்துக்கேற்பத் திரை தன் எண்ணைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு ‘மாறு திரைவீதம்’. செங்குத்து ஒத்திசைவை ‘திரை ஒத்திசைவு’ என்றே சொல்லிவிடலாம். செங்குத்து என்பது படக்குழாய்க் காலத்து மிச்சம்.

வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் கோப்பில் மாற்றிவிடுகிறேன். ‘புதுப்பிப்பு வீதம்’ 14 இடங்களில் இருக்கிறது. அவற்றில் 9 இடங்கள் படவீதத்துக்கு உரியவை என்று எண்ணியிருக்கிறேன், யாராவது ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள்.