பேசிக்கொண்டே ஜாஸ் பியானோ வாசிக்கப் பழகுவது எப்படி?

மாடிவீட்டுப் பியானோ (கேள்வி):
ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவோடு நான் வளர்ந்த கதையை மேடையில் சொல்லி, கூடவே ஜாஸ் பியானோவும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. தனித்தனியாக இரண்டும் வருகின்றன. சேர்த்துச் செய்தால், பேச்சு சூடுபிடிக்கும்போது விரல் தடுமாறுகிறது. வாசிப்பு அமைந்துவிட்டால் கதை நின்றுபோகிறது. யாரைக் கேட்டுப் பழகலாம்?

இடக்கை:
ஜாஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனைக் கேளுங்கள். 1938 மே மாதம், வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில், நாட்டுப்புற இசையைத் தேடிப் பதிவுசெய்த ஆலன் லோமாக்ஸ் அவரைப் பியானோ முன் உட்காரவைத்துப் பதிவுசெய்யத் தொடங்கினார். நியூ ஆர்லியன்ஸில் கழிந்த இளமை, அங்கு கேட்ட பியானோக்காரர்கள், சவ ஊர்வலங்கள் என்று மனிதர் பேசிக்கொண்டே போகிறார். பேச்சுக்கு அடியில் மெல்லிய கார்டுகள் (chords, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மட்டும் ஓடுகின்றன. மெட்டு பேச்சோடு போட்டிக்கு வருவதில்லை.

அதில் ‘டைகர் ராக்’ என்ற ஜாஸ் மெட்டு வரும் பகுதியை அவசியம் கேளுங்கள். பழைய குவாட்ரில் நடன இசையிலிருந்து அது பிறந்தது என்கிறார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அந்த நடனத்தின் பகுதிகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். வால்ட்ஸ் வருகிறது, மசூர்கா வருகிறது. பிறகு அதையே ஜாஸாக மாற்றிக் காட்டுகிறார். வாய் சொன்னதற்குக் கை சாட்சி சொல்கிறது! உங்கள் கதையில் பியானோவால் மட்டுமே சொல்லக்கூடிய இடங்கள் எவை என்று தேடுங்கள். மற்ற இடங்களில் தயங்காமல் கையை எடுத்துவிடுங்கள்.

பழைய இசைத்தட்டு:
வாசிப்பு அபாரம், மறுக்கவில்லை. ஆனால் ‘டைகர் ராக்’கைத் தானே உருவாக்கியதாக அவர் சொன்னதை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரவுண்டர் என்ற இசைத்தட்டு நிறுவனம் 2005-இல் இந்தப் பதிவுகளின் முழுத் தொகுப்பையும் வெளியிட்டது, அதையே கேளுங்கள்.

மாடிவீட்டுப் பியானோ:
இருவருக்கும் நன்றி. கேட்கத் தொடங்கிவிட்டேன். சில இடங்களில் காலால் தரையைத் தட்டுகிறாரே, அந்தத் தாளம்தான் பேச்சையும் கையையும் பிடித்துவைக்கிறதா?

இடக்கை:
என் அனுபவத்தில் அப்படித்தான். முதலில் பியானோவைத் தொடாமல், காலைத் தட்டியபடியே கதையை முழுக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு இடக்கையில் நான்கு பார் (bar, தாளத்தின் ஒரு அளவு) கார்டுகளைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுங்கள். வாக்கியம் சுற்றின் நடுவில் முடிந்துவிட்டால் சுற்று முடியும்வரை பேசாதீர்கள். அடுத்த வாக்கியத்தை முதல் பாரில் தொடங்குங்கள். அந்த இடைவெளி உங்களுக்கு நீளமாகத் தெரியும், கேட்பவர்களுக்குத் தெரியாது. இது கைக்கு வந்த பிறகு வலக்கையைச் சேர்த்தால் போதும்.