பாசிக்குடாவில 45 பேருக்கு ஞாயிறு மதியச் சாப்பாடு: எப்படி ஒழுங்கு பண்ணலாம்?

கழகப் பொருளாளர், கல்லடி

எங்கட கழக ஒன்றுகூடலை இந்தமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசிக்குடாப் பக்கம் வைக்கிற யோசனை. பெரியாக்கள், பிள்ளைகள் சேர்த்து 45 பேர். மரக்கறிக்காரர் 6 பேர், ஹலால் கட்டாயம் வேணும் எண்டவங்க 9 பேர். கடற்கரையில இருந்து கொஞ்சம் உள்ளுக்க, மரநிழலோட ஒரு சின்ன ரெஸ்ட்ஹவுஸ் பார்த்திருக்கம். போய் இருந்து அவரவர் விரும்பினதை ஓடர் பண்ணுறதா, முன்கூட்டியே சொல்லி வைக்கிறதா? தலைக்கு 2,000 எண்டு சொல்றாங்க. பெரிய பஸ் ஒண்டு போதுமா?

குசினிக்காரன், செங்கலடி

அவரவர் ஓடர் எண்ட கதையை விடுங்க. சின்ன இடங்கள்ல வறுக்கிற பெரிய இரும்புச் சட்டி, தாச்சி எண்டுறது, ஒண்டுதான் இருக்கும். ஒரு தடவைக்கு மூணு பிளேட் ஃப்ரைட் ரைஸ், தாச்சி கழுவுறதோட ஆறு நிமிஷம். 45 பிளேட்டுக்கு 15 தடவை, அதாவது ஒண்டரை மணித்தியாலம். அவசரத்துல அஞ்சாறு பிளேட்டுக்கான சோத்தை ஒண்டாப் போட்டால் தாச்சிச் சூடு இறங்கி, வறுபடாம அவிஞ்சு குழைஞ்சிரும்.

சோறும் கறியும் எண்டு முதலே சொல்லுங்க. சாரதி, உதவியாளோட 47 பேர். சம்பா அரிசி 5½ கிலோ, எலும்போட கோழி 8 கிலோ, பருப்பு 1½ கிலோ, கத்தரிக்காய் 3 கிலோ, பொரிக்கப் பாரைத் துண்டு ஆளுக்கு ஒண்டு. நண்டு வேணாம். பிள்ளைகளுக்கு ஆராவது உடைச்சுக் குடுத்துக்கொண்டே இருக்கணும், குடுக்கிறவர் சாப்பிடமாட்டார். சோத்தை 11 மணிக்கே ஆக்கி மூடிவச்சால் வேர்வைத்தண்ணி சொட்டி நசநசக்கும். 12.15க்கு ஒரு பானை, 12.45க்கு அடுத்தது எண்டு கேளுங்க.

ஹலாலுக்குத் தனிக்கறி ஆக்க வேண்டியதில்ல. கோழி முழுவதையும் பக்கத்துல ஓட்டமாவடியில வாங்கச் சொன்னால் ஒரே பானை போதும். பன்றி சமைக்கிற இடமா எண்டு மட்டும் முதலே கேளுங்க, அதே சட்டி கரண்டியைத்தான் எல்லாத்துக்கும் பாவிப்பாங்க. மரக்கறிக்காரருக்குச் சிக்கல் வாறது கறியில இல்ல, மாசிக் கருவாட்டுத் தூள்ல. சம்பல், சுண்டல், சில இடத்துல பருப்புக்குள்ளயும் போடுவாங்க. "மாசி இல்லாம" எண்டு ஒவ்வொண்டுக்கும் தனித்தனியாச் சொல்லி எழுதிக் குடுங்க.

கணக்கன், களுவாஞ்சிக்குடி

2,000 எண்டது எல்லாம் சேர்த்தா எண்டு எழுத்துல வாங்குங்க. 10% சேவைக் கட்டணம் சேர்த்தால் 2,200, அதுக்கு மேல 18% வற் (VAT) வரி வந்தால் 2,596. 45 பேருக்கு 26,820 ரூபா இடிக்கும். வற்றுக்குப் பதியாத சின்ன இடம் எண்டால் அந்த வரி போட ஏலாது. சாரதிமாரிட சாப்பாடு இலவசமா எண்டும் கேட்டு வையுங்க. முற்பணம் குடுக்கக்குள்ள, இறுதி எண்ணிக்கையை எந்த நாள் வரைக்கும் குறைக்கலாம் எண்டு ரசீதிலேயே எழுதுவியுங்க.

திகதி வைக்க முதல் கலண்டரைப் பாருங்க. ஞாயிறு போயாவா, அதாவது பௌர்ணமி விடுமுறையா வந்தால் மதுபானம் விற்கேலாது. வைகாசியில கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால், சடங்கு முடியுமட்டும் எத்தனையோ வீட்டுல மீன், இறைச்சி தொடமாட்டாங்க. 6 மரக்கறி 30 ஆகும். நவம்பர், டிசம்பர், ஜனவரி மழையையும் தவிருங்க, மரநிழல் மழைக்கு உதவாது.

பஸ்காரன், ஏறாவூர்

54 சீற் பஸ் ஒண்டு தாராளம். ஆனா ரெஸ்ட்ஹவுஸ் ஒழுங்கைக்குள்ள திரும்புமா, கேபிள் வயர் தாழ்வா இருக்கா எண்டு ஒராள் முதலே போய்ப் பார்க்கணும். இல்லாட்டி வயசாளிகள் வெயிலுக்குள்ள நடக்கணும். ஏறாவூர், கிரான் வழியா ஒரு மணித்தியாலம் போதும். 9க்கு வெளிக்கிட்டால் 10க்கு அங்க. குளிப்பைச் சாப்பாட்டுக்கு முதலே, 12க்குள்ள முடியுங்க. பாசிக்குடா ஆழமில்லாத கடல்தான், எண்டாலும் பிள்ளைகளோட நீந்தத் தெரிஞ்ச பெரியாக்கள் தண்ணிக்குள்ள நிக்கணும்.

எருமைத்தயிர் நீங்களே கொண்டுபோங்க. ஒரு லீற்றர் சட்டி எட்டுப் பேருக்கு, ஆறு சட்டி காணும். பின் சீற்றுல வைக்காதீங்க, குலுங்கித் தண்ணி விட்டிரும். நடுச்சீற்றுக்குக் கீழ, வைக்கோல் புரி சுத்தி, சட்டியோட சட்டி முட்டாம வைக்கணும். தயிருக்கு ஊத்த கித்துள் பனைப் பாணி இரண்டு போத்தல்.