ஆட்டோமேட்டிக் கியர் வழுக்குகிறது, வழி சொல்லுங்கள்

மக்களே, மாமாவிடம் இருந்த 2008 மாடல் ஆட்டோமேட்டிக் கார் இப்போது என்னிடம். இன்ஜின் ஆயில் தவிர அவர் எதையும் மாற்றியதில்லை. காலையில் டி-யில் (முன்னோக்கி ஓட்டும் கியர்) போட்டால் மூன்று நொடி யோசித்து, ஒரு குலுக்கலோடுதான் நகர்கிறது. பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஆர்பிஎம் 4000 போகிறது, வண்டி மட்டும் நடக்கிறது!

இன்ஜின் சூடானதும் ஓடவிட்டே கியர் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் குச்சியைப் பார்த்தேன். அளவு சரி, ஆனால் சிவப்பாக இருக்க வேண்டிய கியர் ஆயில் கட்டன்சாயா நிறம், கருகல் வாடை வேறு.

ஒரு மெக்கானிக் பழைய ஆயிலை மொத்தமாக வெளியேற்றி ஃப்ளஷ் செய்யச் சொல்கிறார். இன்னொருவர், கியர்பாக்ஸுக்குள் தேய்ந்த கிளட்சில் புது ஆயில் ஊற்றினால் உள்ளதும் போய்விடும் என்கிறார். ஃபில்டரை மாற்றி, ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாமா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஸ்கேனர் போட்டுப் பார்த்துச் சொல்ல ஆள் உண்டா? திருவனந்தபுரம் வரை ஓட்டத் தைரியமில்லை.